பதினேழாம் தொட்டி

ஏற்காட்டிலிருந்து ரத்தம் கொடுக்க இறங்கி வந்தவர்
நாகலூர்ச் சடையன். ஓ நெகட்டிவ்.
டீயும் பிஸ்கட்டும் முடித்து அவர் போன பிறகு
நாற்காலிக்கடியில் ஒரு மஞ்சப்பை,
உள்ளே கோலிக்குண்டு அளவில் மஞ்சள் தக்காளி.
மூன்று நாள் வைத்திருந்தோம். வரவில்லை.
நான்காம் நாள் ஒன்றைக் கடித்தேன்.
நாக்கின் இரண்டு ஓரமும் எழுந்து நின்றன.

உழவர் சந்தையில் மேச்சேரிக்காரம்மா விற்பது
சேலத்து வெயிலுக்கு அசையாத சிவப்பு.
லாரியில் வீசலாம், வெடிக்காது.
கடித்தால் தண்ணீர் தெரியும், தக்காளி தெரியாது.

இந்த இரண்டுக்கும் நான் பொருத்தம் பார்த்தேன்.
ரத்த வங்கியில் எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
துளியோடு துளி சேர்த்து
கட்டி தட்டுகிறதா என்று பார்ப்பது.

அழகாபுரத்து வாடகை மொட்டைமாடி, காலை ஆறு மணி.
நாளை விரிய இருந்த சிவப்பின் மொட்டை
ஆய்வகத்தில் கழித்துப்போட்ட இடுக்கியால் திறந்து
மகரந்தக் குழலை உருவினேன்.
மலைப்பூவின் காம்பில் பேட்டரி டூத்பிரஷை வைத்தால்
பாட்டில் மூடியில் ஒரு சிட்டிகை மாவு விழும்.
தொட்டுவைத்து, நூல் கட்டி, தேதி எழுதினேன்.
ஆறில் ஐந்து உதிர்ந்தது.

முதல் தலைமுறை பன்னிரண்டும் சிவப்பு.
ஒரே உயரம், ஒரே சுமாரான புளிப்பு,
அசெம்ப்ளியில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி.
மஞ்சள் வெளியே வராது என்று தெரியும்.
தெரிந்தும் அறுத்து அறுத்துப் பார்த்தேன்.

இரண்டாம் தலைமுறையில் குடும்பம் உடைந்தது.
நாற்பத்தொரு தொட்டி.
ஒன்று தண்ணீர் டேங்க் மேல் ஏறியது,
ஒன்று முழங்காலுக்கு மேல் வளரமாட்டேன் என்றது.
பச்சைத் தோள், விலா வெடிப்பு, அடியழுகல்,
பேரிக்காய் மூக்கு.
மஞ்சள் மட்டும் பத்து.
வீட்டுக்காரர் குழந்தைவேலு மேலே வந்து
தளத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

நோட்டில் 'தேர்வு' என்றுதான் எழுதுகிறேன்.
கை செய்வது பிடுங்குவது.
காய்த்துக்கொண்டிருக்கும்போதே, முப்பத்தெட்டை.

மூன்றாம் தலைமுறை, சித்திரை.
எல்லாச் செடியும் பூ உதிர்த்து நிற்க
சிவப்பின் பிள்ளைகளில் இரண்டு மட்டும்
ஆளுக்கொரு காய் பிடித்தன.
இருபத்துமூன்றில் சிவப்பு.
பதினேழில் மஞ்சள், எலுமிச்சை அளவு, ஒரு கீறல் இல்லை.
அணிலை நம்பாமல்
இரண்டையும் டிபன் பாக்ஸில் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன்.

பதினொரு மணிக்கு ஒருவன் சீட்டோடு வந்தான்.
அவன் ஏ. மனைவி பி. குழந்தை ஓ.
"மெஷின் தப்பா இருக்குமாங்க?"
குரலை யாருக்கும் கேட்காதபடி வைத்திருந்தான்.
பெஞ்சில் அவள், தோளில் குழந்தை,
இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தாளில் கட்டம் போட்டு விளக்கினேன்.
அடமானப் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
"இந்த மஞ்சளைப் பெத்த செடி சிவப்புங்க.
அதைப் பெத்ததும் சிவப்பு.
மஞ்சள் அதுக்கும் முன்னாடியே மலையிலிருந்து வந்தது.
நடுவுல வேற யாரும் வரல."

எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.
குழந்தையை வாங்கவில்லை.
ஆனால் உட்கார்ந்தான்.

'அது விதைப் பழம், கொடுங்க' என்ற சொல்
என் தொண்டையிலேயே கட்டி தட்டியது.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

தின்றானா, அவளிடம் கொடுத்தானா,
பஸ் ஸ்டாண்டில் எறிந்தானா.
பதினேழாம் செடி அக்கினி நட்சத்திரத்தில் கருகிவிட்டது.
நோட்டில் அந்த வரிக்கு நேரே: விதை இல்லை.

மிஞ்சிய சிவப்பை டம்ளரில் பிழிந்து
மூன்று நாள் நாறவிட்டு, அலசி,
வெளிநோயாளிச் சீட்டின் பின்பக்கத்தில் காயப்போட்டேன்.
அறுபத்திரண்டு விதை.
இதற்குள்ளும் மஞ்சள் இருக்கலாம்.
சிவப்பு அதைச் சொல்லாது,
அறுபத்திரண்டையும் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

ஆடி பிறக்க இன்னும் ஒன்பது நாள்.
குழந்தைவேலுவிடம் எண்ணிக்கையைச் சொல்லவில்லை.